மீதியும் 390937-உம்

தம்பியிடம் யாரும் தொலைபேசி எண்ணைச் சொல்லக் கூடாது. சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டான், வகுத்துப் பார்ப்பான். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மனிதர் விவரம் தெரியாமல் தன் எண்ணைச் சொல்லிவிட்டார். தம்பி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "பதிமூணால போகுது சார்" என்றான். அவர் திடுக்கிட்டுத் தெருவைத் திரும்பிப் பார்த்து, "எது போகுது?" என்று கேட்டார்.

அவனுக்கு 'மீதி' என்று பெயர் வைத்தது அக்காவின் கணவர். பேருந்து ஓட்டுநர். வண்டி எண், தடம் எண் என்று எதைச் சொன்னாலும் மச்சினன் ஏழாலோ பதினொன்றாலோ வகுத்து மீதியைச் சொல்லிவிடுவதால் வந்த பெயர். பிறகு வீட்டில் அதுவே நிலைத்துப் போனது. சாப்பாட்டு நேரத்தில் அக்கா அடுப்படியிலிருந்து, "மீதி எங்கே?" என்று கேட்டால், பாத்திரத்தைக் கேட்கிறாளா தம்பியைக் கேட்கிறாளா என்று புரியாமல் இரண்டு பேர் எழுந்து வருவார்கள்.

தம்பி பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அதுவும் கணக்கில்தான் கோட்டை விட்டான். அன்று கேள்வித்தாள் அப்படி ஒன்றும் கடினமில்லை. விடைத்தாளின் மூலையில் ஐந்து இலக்கத்தில் ஓர் எண் அச்சடித்திருந்தது. அது பகா எண்ணா, அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணா என்று பார்க்கத் தொடங்கினான். பார்த்து முடித்தபோது மணி அடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "பகா எண்தான்க்கா" என்று மகிழ்ச்சியாகச் சொன்னான். அக்காவுக்கு அவனை அடிப்பதா அணைப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இருபது வருடமாக அவன் பார்க்கும் வேலையே தேர்வு விடைத்தாள்களின் மூலையில் எண் அடிப்பதுதான். அச்சகத்தில் எண் போடும் இயந்திரம் அவன் பொறுப்பு. ஆறு சின்னச் சக்கரங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒருமுறை இறங்கி அடித்துவிட்டு, ஓர் எண் ஏறிக்கொள்ளும். அவனைப் போலப் பிழையில்லாமல் அந்த இயந்திரத்தை ஓட்ட அந்த ஊரில் ஆளில்லை என்று அக்கா சொல்வாள். வேறு யாரும் அந்த இயந்திரம் வைத்திருக்கவில்லை என்று அவள் கணவர் சொல்வார்.

அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் மெழுகில் பல் பதிக்கும் வேலை. மேலே பதினான்கு, கீழே பதினான்கு. "இருபத்தெட்டைவிடச் சின்னதா இருந்து அதை வகுக்கிற எண்கள் ஒண்ணு, ரெண்டு, நாலு, ஏழு, பதினாலு. கூட்டினா மறுபடி இருபத்தெட்டே வருது. அதுக்கு நிறைவெண்ணுன்னு பேருக்கா. நீ தினமும் நிறைவெண்ணைச் செஞ்சு அனுப்பறே" என்று தம்பி சொன்ன நாளில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கூடத்தில் எல்லாரிடமும் சொன்னாள். "வாங்கிப் போற பெரியவருக்குக் கடிக்க வந்தா சரி" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

அக்காவின் வேலைச் சுத்தம் கூடத்தில் பேர் போனது. பல் வரிசையைச் சரிபார்க்கும்போது அவள் ஒருநாளும் ஓரத்திலிருந்து வரிசையாகப் பார்க்க மாட்டாள். இங்கொன்று, அங்கொன்று என்று தாவித்தாவிப் பார்ப்பாள். வரிசையாகப் போனால் கண் பார்ப்பதை விட்டுவிடும், பழக்கம்தான் பார்க்கும் என்பது அவள் கட்சி.

இப்படியிருக்க, ஒருநாள் அச்சகத்தில் இயந்திரம் மக்கர் செய்தது. 390937 என்ற எண்ணில் சக்கரங்கள் இறுகிக்கொண்டன. தம்பி அதற்கு முந்தைய எண்ணை மனதுக்குள் வகுத்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நாற்பத்திரண்டு விடைத்தாள்களில் அதே எண் விழுந்துவிட்டது.

"நாப்பத்திரண்டு பேருக்கு ஒரே நம்பரா? பரீட்சை எழுதறவங்க எல்லாம் ஒரே வயித்துல பொறந்தவங்களாய்யா?" என்று முதலாளி குதித்தார்.

தம்பி திட்டு வாங்கிக்கொண்டே தாளைப் பார்த்தான். இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று. மூன்றால் வகுத்தாலும் ஒன்று. ஏழாலும் ஒன்று. பதிமூன்றாலும் ஒன்று. இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தொன்று. அதுவும் பகா எண். இவ்வளவு பிடிவாதம் உள்ள எண் பகா எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது போதுமா? நிரூபிக்க வேண்டாமா?

நிரூபிக்க இன்னொரு காரணமும் இருந்தது. நூலகத்தின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு காலையில் 'எண் வட்டம்' என்று ஒரு கூட்டம் கூடும். பதினான்கு உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் ஓர் எண்ணைத் தத்தெடுத்துக்கொண்டு, அதன் குணங்களையெல்லாம் சொல்ல வேண்டும். கணினியைக் கேட்டுச் சொல்லக் கூடாது, வகுப்பதைக் கையால் போட வேண்டும், பெரிய வர்க்கங்களுக்கு மட்டும் கால்குலேட்டர் கூடும் என்பது விதி. கூட்டத்தை நடத்துபவர் கல்லூரியில் கணக்கு விரிவுரையாளரான ஓர் அம்மா, எல்லாருக்கும் 'மேடம்'. மற்றவர்களும் பட்டம் வாங்கியவர்கள். தம்பி மூன்று வருடமாகக் கடைசி நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வந்தான். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் முதல் நாளே, "தம்பி எந்தக் காலேஜ்?" என்று கேட்டிருந்தார். "பிரஸ்ல இருக்கேன் சார்" என்று பாதிப் பதிலைச் சொல்லித் தப்பித்திருந்தான். மறுபடி அந்தக் கேள்வி வருமோ என்ற பயத்தில்தான் வாயைத் திறப்பதில்லை. இரண்டு தடவை அவன் முறை வந்தபோது வேலை இருக்கிறது என்று நழுவியிருந்தான். இப்போது மறுபடி வந்திருந்தது. பேசியே ஆக வேண்டும்.

வேலை அக்காவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. ஆறு இலக்க எண் ஒன்று பகா எண்தான் என்று சொல்ல, ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும். அவை நூற்று அறுபத்தெட்டு. இந்த எண்ணுக்கு அறுநூற்றுச் சொச்சம் வரை பார்த்தாலே போதும்தான், ஆனால் தம்பிக்கு ஒன்றையும் விட மனமில்லை. தம்பி அச்சகத்துக் கழிவு அட்டைகளில் அந்த நூற்று அறுபத்தெட்டையும் தன் இயந்திரத்தாலேயே அடித்து எடுத்து வந்தான். 000002, 000003 என்று ஆரம்பித்து 000997 வரை.

"வரிசையா வைக்காதே, கலைச்சுப் போடு" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா? வரிசையா இருந்தா எனக்கு நல்லாத் தெரியுமே."

"நல்லாத் தெரியும்கிறதாலதான் சொல்றேன். எங்க கூடத்துப் பழக்கம் அது."

அப்படியே கலைத்துப் போட்டார்கள். தம்பி ஓர் அட்டையை எடுத்து வகுப்பான். நோட்டை அக்காவிடம் தள்ளுவான். அவள் திருப்பிப் பெருக்கி, மீதியைக் கூட்டி, 390937 வந்தால் ஒரு கோடு போட்டு, அட்டையைத் தகர டப்பாவில் போடுவாள். சாயங்காலம் மூன்று அட்டை. எட்டு வாரம் ஓடியது. ஒன்றுகூட மீதியில்லாமல் போகவில்லை.

கடைசி அட்டை முடிந்த மறுநாள், தம்பி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அக்கா டப்பாவைக் கவிழ்த்து அட்டைகளை எண்ணினாள். நூற்று அறுபத்தேழு. மறுபடி எண்ணினாள். அதேதான். அலமாரித் தட்டில் ஓர் அட்டை தனியாகக் கிடந்தது. அப்பாடா என்று அதையும் சேர்த்தாள். நூற்று அறுபத்தெட்டு. மூடியைப் போட்டாள்.

விரிவுரையாளரும் தன் பங்குக்குச் சோதித்தார். அது வேறு வழி. இரண்டை இரண்டால் திரும்பத்திரும்பப் பெருக்கி, சோதிக்கும் எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்கு வரை கொண்டுபோய், அந்த எண்ணாலேயே வகுக்க வேண்டும். பகா எண்ணாக இருந்தால் மீதி ஒன்றுதான் வரும். மற்ற எண்களுக்குப் பெரும்பாலும் கன்னாபின்னாவென்று ஏதாவது வரும். முழுக்கப் பெருக்க வேண்டாம். பதினெட்டு தடவை வர்க்கம் எடுத்தால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஒரு சுருக்குவழி உண்டு. அவர் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். மீதி ஒன்று. "அழகான பகா எண்" என்று சொல்லி, நூலக அறிவிப்புப் பலகையில் தம்பியின் பேச்சைப் பற்றித் தானே எழுதி ஒட்டினார்.

அந்தத் தாளைப் பார்ப்பதற்காகவே அக்கா மூன்று நாள் நூலகம் வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கூடத்தில் பாதிப் பேரை வரச் சொல்லிவிட்டாள். வரமுடியாது என்றவர்களிடம் காரணம் கேட்டாள்.

சனிக்கிழமை மதியம், தம்பியின் புதுச் சட்டையை இஸ்திரி போடச் சாப்பாட்டு மேசையைச் சன்னல் பக்கம் இழுத்தாள். மேசை ஒருபக்கம் சாய்ந்து ஆடியது. குனிந்து பார்த்தால், நான்காக மடித்த அட்டை ஒன்று தரையில் கிடந்தது. அவளே வைத்ததுதான். முதல் நாள் கணக்குப் போடும்போது மேசை ஆடியது. ஆட்டம் அவளுக்கு ஆகாது. வெறும் அட்டை என்று கைக்கு வந்த ஒன்றை மடித்துக் காலுக்கு அடியில் செருகியிருந்தாள்.

பிரித்துப் பார்த்தாள். உள்பக்கம் 000313.

டப்பாவைக் கவிழ்த்தாள். நூற்று அறுபத்தெட்டு இருந்தது. இதோடு நூற்று அறுபத்தொன்பது. அப்படியானால் வேண்டாத ஒன்று உள்ளே இருக்கிறது. அட்டைகளைத் தரையில் பரப்பித் தேடினாள். அலமாரித் தட்டிலிருந்து அவள் எடுத்துச் சேர்த்தது கிடைத்தது. இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கத் தம்பி முதலில் அடித்த அட்டை. 000001.

அக்கா சட்டையை அப்படியே விட்டுவிட்டு நோட்டை எடுத்தாள். 390-இல் 313 ஒரு தடவை, மிச்சம் 77. ஒன்பதை இறக்கினாள், 779. இரண்டு தடவை, மிச்சம் 153. மூன்றை இறக்கினாள், 1533. நான்கு தடவை, மிச்சம் 281. ஏழை இறக்கினாள், 2817. ஒன்பது தடவை 313 எவ்வளவு என்று ஓரத்தில் பெருக்கினாள். 2817. மிச்சம் ஒன்றுமில்லை.

390937 என்பது 313 பெருக்கல் 1249. பகா எண்ணே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவரிடம் சொன்னாள். அவர் கையைக் கழுவிக்கொண்டே, "மேடமே சரின்னு சொல்லிட்டாங்க. விடு. அந்த நம்பர் வந்து புகார் குடுக்கவா போகுது?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சே!"

"உனக்குத் தெரிஞ்சது உன்னோட இருக்கட்டும். அவன் ஒருநாள் நல்லாப் பேசிட்டு வரட்டுமே. மூணு வருஷமா வாயைத் திறக்காத பய."

அதுதான் அவளுக்கும் ஆசை. நாளைக்கு அத்தனை படித்தவர்கள் முன்னால் அவன் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும். சொன்னால் நிற்க மாட்டான். சொல்லாவிட்டால் பொய்யின் மேல் நிற்பான். என்றைக்காவது யாராவது 313-ஆல் வகுத்தால் விழுவான். சட்டையை ஒரே இடத்தில் மூன்று தடவை தேய்த்தாள்.

சாயங்காலம் தம்பி வந்தான். "என்னக்கா, சட்டை தீஞ்சு போச்சா? மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?"

அவள் நோட்டை நீட்டினாள். அவன் நின்றபடியே பார்த்தான்.

"யார் போட்டது?"

"நான்தான்."

"பெருக்கிப் பாத்தியா?"

"மூணு தடவை."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "முன்னூத்திப் பதிமூணை நாம பாத்தோமே?"

"பாக்கல. அது மேசைக் காலுக்கு அடியில இருந்துச்சு. நான்தான் வெச்சேன்."

"அப்ப எண்ணும்போது நூத்தி அறுபத்தெட்டு எப்படி வந்துச்சு?"

"ஒண்ணையும் சேத்துட்டேன்."

"எந்த ஒண்ணை?"

"ஒண்ணைத்தான்டா. ஒண்ணு."

"அக்கா! ஒண்ணு பகா எண்ணே இல்லையே!"

"ஏன் இல்ல? அது வேற எதாலயாவது வகுபடுதா?"

"இல்ல."

"அப்ப?"

"அது பகா எண்ணும் இல்ல, பகு எண்ணும் இல்ல. எதுலயும் சேராது. அதைச் சேத்தா ஒரே எண்ணை எத்தனை விதமா வேணா பிரிக்கலாம். ஆறுன்னா ரெண்டு, மூணு. ஒண்ணைச் சேத்தா ரெண்டு, மூணு, ஒண்ணு. அப்புறம் ரெண்டு, மூணு, ஒண்ணு, ஒண்ணு. முடிவே இருக்காது. அதான் வெளிய வெச்சிருக்காங்க."

"எல்லாத்துக்கும் முதல்ல நிக்கிற ஆளைப் பிடிச்சு வெளிய வெப்பாங்களா? நல்ல நியாயம். இதை நீ எட்டு வாரத்துல ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கவே இல்லையே!"

அக்கா நோட்டை மூடி ஓரமாக வைத்தாள். பிறகு தம்பி, "நான் நாளைக்குப் போகலக்கா. வயித்துவலின்னு யாரையாவது விட்டுச் சொல்லிடு" என்றான்.

"தப்பு என்னோடது. நான் வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"ஐயோ, வேண்டவே வேண்டாம். அக்காவைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வெச்சான்னு அதுக்கும் சிரிப்பாங்க."

அவன் எழுந்து வாசல் வரை போனான். செருப்பில் ஒரு காலை மாட்டினான். அப்படியே நின்றான்.

"ஆனா மேடம் போட்டப்ப மீதி ஒண்ணுதானே வந்துச்சு?"

"அவங்களும் எங்கயாவது தப்பு விட்டிருப்பாங்க."

"அவங்க தப்பு விட மாட்டாங்க" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கால்குலேட்டரை எடுத்தான். பதினெட்டு வர்க்கம். அக்கா எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருப்பிப் போட்டாள். சோறு ஆறியது. கணவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். கடைசி வரியில் வந்தது ஒன்று.

"மேடம் போட்டதும் சரி, நீ போட்டதும் சரி" என்றான் தம்பி. அவன் முகத்தில் வயிற்றுவலியைக் காணோம். "அது எப்படிக்கா ரெண்டும் சரியா இருக்கும்? நாளைக்குப் போய்க் கேட்டே ஆகணும்."

ஞாயிறு காலை நூலக மாடியில் நாற்காலி போதவில்லை. பல் கூடத்துக்காரிகள் நான்கு பேர் சுவரோரம் நின்றார்கள். அக்கா கடைசி வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தம்பி எழுந்து கரும்பலகைக்குப் போனான். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "390937 பகா எண் இல்லைங்க" என்றான்.

அறையில் சலசலப்பு. பொறியாளர், வரும் வழியில் அறிவிப்பைக் குறித்துக்கொண்டிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு 313-ஆல் வகுக்கும் கணக்கை முழுக்கப் போட்டான். பக்கத்தில் விரிவுரையாளரின் சோதனையைப் பதினெட்டு வரியில் போட்டான். சுண்ணாம்புக்கட்டி இரண்டு தடவை உடைந்தது. "இது சரி. இதுவும் சரி. எப்படின்னு தெரியல. எனக்குத் தெரியாததைக் கேக்கத்தான் வந்தேன்" என்றான்.

விரிவுரையாளர் எழுந்து வந்து பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு சுண்ணாம்புக்கட்டியை வாங்கி இடப்பக்கக் கணக்கை மறுபடி போட்டார். மிச்சம் ஒன்றுமில்லை. நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சிரிக்கத் தொடங்கினார்.

"என்னையே ஏமாத்திட்டுது பாருங்க. இந்தச் சோதனையில தேறிடுற பகு எண்கள் சிலது உண்டு. போலிப் பகா எண்ணுன்னு பேரு. நான் வகுப்புல வருஷா வருஷம் சொல்லிக் குடுக்கிறேன், எனக்கே தோணல. பத்து லட்சத்துக்குள்ள பகா எண்கள் எழுபத்தெட்டாயிரத்துக்கு மேல இருக்கு. இந்தப் போலிகள் எத்தனை தெரியுமா? இருநூத்தி நாப்பத்தஞ்சு. பகா எண் யாருக்கு வேணும்? அது தெருவுக்கு நாலு கிடைக்கும்." தம்பியிடம் திரும்பினார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எங்கக்கா கண்டுபிடிச்சாங்க, மேடம். மேசை தேய்ச்சப்ப... இல்ல, சட்டை தேய்ச்சப்ப."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்கு முகம் எரிந்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். தம்பியும் சிரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் பேசினான். இலக்கங்களின் கூடுதலைச் சொன்னான். 236-இன் வர்க்கத்தோடு 579-இன் வர்க்கத்தைக் கூட்டினாலும், 189-இன் வர்க்கத்தோடு 596-இன் வர்க்கத்தைக் கூட்டினாலும் இதே எண்தான் வருகிறது என்றான். முன்பே கிடைத்ததுதான், ஏதோ அழகு என்று மட்டும் எழுதி வைத்திருந்தானாம். "பகா எண்ணா இருந்தா ரெண்டு வர்க்கத்தோட கூடுதலா ஒரு விதத்துக்கு மேல வராதே! இதுவே ஒரு நிரூபணம் ஆச்சே!" என்று விரிவுரையாளர் மேசையைத் தட்டினார். தம்பி தலையைச் சொறிந்தான். இருபது நிமிடத்துக்கு ஒதுக்கிய பேச்சு ஐம்பது நிமிடம் போனது.

அப்போதுதான் பொறியாளர் கையைத் தூக்கினார். "தம்பி, நீங்க எந்தக் காலேஜ்ல கணக்கு படிச்சீங்க?"

அக்கா கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகினாள்.

"காலேஜ் இல்ல சார்" என்றான் தம்பி. "பத்தாவதுல கணக்குல ஃபெயில். பிரஸ்ல நம்பர் போடற வேலை."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அது இருக்கட்டும். அந்த 1249-ஐ யாராவது பாத்தீங்களா? அது பகா எண்தானா, இல்ல அதுவும் உடையுமா?"

"அதை இன்னும் பாக்கல சார். நேத்து நேரம் போதல. அதோட வர்க்கமூலம் முப்பத்தஞ்சு சொச்சம். முப்பத்தொண்ணு வரைக்கும் பாத்தா போதும். மொத்தம் பதினோரு பகா எண்."

"அப்ப ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கலாமே? ரெண்டு, மூணு, அஞ்சை நீங்க பாத்தாலே தெரியும். எனக்கு ஏழைக் குடுங்க" என்று பொறியாளர் பேனாவைத் திறந்தார். பதினொன்றை ஒருவர் கேட்டார், பதிமூன்றை இன்னொருவர். பதினேழுக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். தம்பி பலகையில் எண்ணையும் ஆளையும் எழுதிக்கொண்டே வந்தான். இருபத்தொன்பது வரை போய்விட்டது.

"முப்பத்தொண்ணு யாருக்கு?" என்று கேட்டவன், கடைசி வரிசையைப் பார்த்தான். "அக்கா, நீ பாரேன்."

அக்கா பழைய ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக மீதியைச் சொல்லச் சொல்ல, பலகை நிரம்பியது. ஒருவருக்கும் மீதியில்லாமல் போகவில்லை. எல்லாரும் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள்.

"வந்துடுச்சா அம்மா?" என்று விரிவுரையாளர் கேட்டார்.

"ஒன்பதுன்னு வந்திருக்கு. கொஞ்சம் இருங்க, திருப்பிப் பெருக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் அக்கா. அத்தனை பட்டதாரிகளும் காத்திருந்தார்கள்.